வாய் திறக்காத நாடகம்

எங்கள் குப்பத்துக் கங்கையம்மன் மேல் நான் ஒரே ஒரு முறைதான் சத்தியம் செய்திருக்கிறேன். அப்போது மூன்றாம் வகுப்பு.

நைனா கடலுக்குப் போகிறவர். அம்மா மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்தாள். பள்ளிக்கூடம் லீவான ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாள். வராண்டாவில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்க வந்திருந்த ஒரு ஆள், வாட்சைக் காணோம் என்று அம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். வாட்சு அவன் பையிலேயே இருந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ரூம் கதவைத் தட்டி, சிரித்த முகமாக, "க்ளீன் பண்லாங்களா சார்?" என்றாள்.

திரும்பும் வழியில் கோயிலுக்கு முன்னால் என்னை நிறுத்தினாள்.

"நைனாகிட்ட சொல்லாத. அங்க போயி சண்ட போட்டுக்கினு நிப்பாரு. எனுக்கு வேல பூடும். அம்மன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வீங்கின கன்னத்துக்கு வீட்டில் பல்வலி என்று பேர்.

ஆண்டு விழா வந்தது. அவரவர் அம்மா அப்பா செய்கிற வேலையை, வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். ஒருத்தன் வலை இழுத்தான். ஒருத்தி ஆட்டோ ஓட்டினாள். சனம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாளியோடு போனேன். தட்டினேன், பெருக்கினேன், என் கன்னத்தில் நானே ஓங்கி அறைந்துகொண்டேன். துடைத்தேன். அடுத்த கதவைத் தட்டிச் சிரித்தேன்.

சனத்தின் சிரிப்பு நின்றுபோனது. மீன் விற்கிற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நைனா அம்மா பக்கம் திரும்பி, "அதான் பல்லு வலியா?" என்று கேட்டது மேடைவரை கேட்டது.

எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். நைனா அங்கிருந்தே ரிசார்ட்டுக்குப் போனார். சட்டை கிழிந்து, உதடு உடைந்து வந்தார். அம்மா இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று அன்றைக்கே போன் வந்தது.

"நான் சொல்லலமா, நடிச்சுதான் காட்னேன்" என்றேன்.

"ஆமா, நீ எங்க சொன்ன" என்றாள். அடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எனக்குத் தலைக்கு ஊற்றி, கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வாங்கின கற்பூரம் அத்தனையும் கொளுத்தி, என் தலையைச் சந்நிதிப் படியில் அழுத்தி, "கொயந்தய ஒண்ணும் பண்ணிடாத தாயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பரிசு வாங்கின பிள்ளையை அம்மன் எதற்கு ஏதாவது பண்ணப்போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் பார்க்கட்டும் என்று டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.