சம்பந்தி கொடுத்த பைனாகுலர்

அத்-பாஷி மலைப்பக்கத்து வேட்டை முகாம்களில் சுடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் என்றால் துர்குன்பாயைத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. விடிகிற நேரத்தில் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் காட்டுக்கடாக்கள் எங்கே மேய்கின்றன, எங்கே படுத்திருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவர் கை நீட்டிய இடத்துக்கு மற்றவர்கள் வேட்டைக்கு வந்த விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். துப்பாக்கியை அவர் தொட்டதே இல்லை. பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் பைனாகுலரைக் கண்ணில் வைப்பார். கண் அல்லாஹ் கொடுத்தது, மலையும் அவன் கொடுத்தது, நடுவில் நான் யார் என்பார்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில்தான் அந்தக் கண் காலை வாரிவிட்டது. மேல்சரிவில் ஐந்து கடா படுத்திருப்பதாகச் சொன்னார். முகாம் நடத்துகிற எசென்குல் அவர் பேச்சை நம்பி, ஒரு பருத்த விருந்தாளியை இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க வாங்க மேலே ஏற்றினான். போய்ப் பார்த்தால் ஐந்து பாறை.

அன்றைக்குத் தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சும்மா விடவில்லை.

"அண்ணே, நடுவுல படுத்திருந்த கல்லுக்குக் கொம்பு எத்தனை முழம் இருக்கும்?"

"பாவம்டா, அது சினைக் கல்லு. அதனாலதான் எந்திரிக்கல."

துர்குன்பாயும் சேர்ந்துதான் சிரித்தார். கடைசி நாள் எசென்குல் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த வருஷம் இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் சரிப்படலைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்." எசென்குல் அந்நியன் இல்லை. துர்குன்பாயின் மகள் ஐசிரேக்கைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மாமனார் பெயிஷெனின் கூடப்பிறந்த தம்பி. அதனாலேயே அந்த வார்த்தை பதமாக வந்தது. பதமாக வந்ததனாலேயே தூக்கம் போயிற்று.

பனிக்காலத்தில் நரின் நகரத்துக்குப் போய்க் கண் டாக்டரம்மாவைப் பார்த்தார். தூரப்பார்வை குறைந்திருக்கிறது, அதோடு விழியும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று சொல்லி, மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்தார். "எதப் பாக்கறதா இருந்தாலும் இதப் போட்டுக்கிட்டே பாருங்க. கழட்டக் கூடாது." கண்ணாடி வாங்கின கடையை விட்டு வெளியே வந்து அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். மலைமுகட்டில் பனி முடிகிற கோடு, கத்தியால் கீறினமாதிரி நின்றது. நடைபாதையில் நின்றபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றார். கண் கலங்கி, கண்ணாடி மங்கிப் போயிற்று.

ஆனால் ஊருக்குள் நுழையும்போதே அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். கண்ணாடி போட்ட பார்வைக்காரனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் அவர் மனைவி அனார்கானுக்குத் தெரியும், அப்போது இரண்டு வாரம் வந்து தங்கியிருந்த ஐசிரேக்குக்கும் தெரியும். மகளிடம் அவர் சத்தியம் வாங்காத குறை. "உன் மாமனார் வீட்டுல இத மூச்சு விடக் கூடாதும்மா. கண்ணு அவிஞ்சவன் பொண்ணுன்னு பேசுவாங்க."

"யாருப்பா அப்படியெல்லாம் பேசப்போறாங்க?"

"பேசுவாங்க. நீ சொல்லாதே."

அடுத்த சங்கடம் பழைய பைனாகுலர். பட்டாளத்திலிருந்து வந்த கனத்த சாமான். மூக்குக்கண்ணாடியோடு அதில் கண்ணை வைத்தால் மலை தெரியவில்லை. சாவித்துவாரம் வழியாக அடுத்த வீட்டைப் பார்க்கிறமாதிரி நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றி ஒரே கறுப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகிப் பார்த்தால் வட்டம் பெரிதாகிறது, ஆனால் விழிக்கோணல் திருகுக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு புதரும் பக்கத்தில் ஒரு நிழலை வைத்துக்கொண்டு நின்றது.

வசந்தத்தில் பிஷ்கெக் போனார். சந்தைக்குப் பின்தெருவில் ஸோயா என்கிற ரஷ்ய அம்மாள் இந்தச் சாமான்களை விற்கிறாள். அவள் மூக்கிலேயே பாட்டில் அடிபோலத் தடிமனான கண்ணாடி. துர்குன்பாய் வழக்கப்படி தன் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே தம்பி! கழட்டிட்டுப் பாத்து வாங்கறவன் பூரா மலை ஏறினதும் என் அம்மாவத்தான் திட்டறான். எப்படி மாட்டிக்கிட்டு மலைக்குப் போவியோ அப்படியே பாரு."

அவர் பெரிதாக இருந்த ஒன்றைக் கை காட்டினார். பதினைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம்.

"அது உனக்கு ஆகாது. பெரிசாக் காட்டறதுல பாதி, கண்ணக் கொண்டுவந்து லென்ஸுமேல ஒட்டுன்னு சொல்லும். நீ எங்கேர்ந்து ஒட்டுவே? நடுவுல இது இருக்குல்ல." தன் மூக்குக்கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினாள். "படம் வெளியே தள்ளி வந்து விழணும், ரெண்டு விரக்கடை தூரம். இந்த ரப்பர் வளையம் திருகினா உள்ள போகணும். பாரு, உனக்குன்னா உள்ள தள்ளிடணும். வெறுங்கண்ணுக்காரன்னா வெளிய இழுத்துக்கணும். இப்போ அந்தக் கட்டடத்துக் கடிகாரத்தப் பாரு. ஓரத்துல கறுப்பு வருதா?"

அவள் கையில் கொடுத்தது எட்டு மடங்குதான் காட்டும், ஒரு ரொட்டி கனம்தான் இருக்கும். கண்ணாடியோடு வைத்துப் பார்த்தார். கடிகாரம் முழுசாக வந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த புறாவும், பக்கத்துக் கொடிக்கம்பமும், வானமும் வந்தன. எந்த ஓரத்திலும் கறுப்பு இல்லை. வெகுநேரம் கையை இறக்கவில்லை அவர்.

"மூச்சு விடு தம்பி," என்றாள் ஸோயா.

ஆடு விற்றுவிட்டு இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னார். அவள் அவர் பேரை ஒரு சீட்டில் எழுதி, அந்தப் பைனாகுலரோடு ரப்பர் போட்டுக் கட்டி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரம் முடிவதற்குள் சம்பந்தி வீட்டார் மேய்ச்சல் நிலத்துக் கூடாரத்துக்கு விருந்து வந்துவிட்டார்கள். பெயிஷென் குதிரையிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"சம்பந்தி உயிரோடதான் இருக்கீரா? பொண்ண எங்க தலைல கட்டிட்டு, பாரம் இறங்கிச்சுன்னு தூங்கறீராக்கும்!"

"நீர் வரப்போறீர்னு தெரிஞ்சு ஆடுகள் எல்லாம் ரெண்டு நாளாத் தண்ணி குடிக்கல சம்பந்தி," என்றார் துர்குன்பாய்.

ஆட்டுத்தலை பெயிஷென் முன்னால் வைக்கப்பட்டது. அவர் ஒரு கண்ணை அறுத்தெடுத்துத் துர்குன்பாயின் கையில் கொடுத்தார். அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிறவருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். "இந்த ஒரு கண்ணோட விடப்போறதில்ல," என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எசென்குல் தோல்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே பைனாகுலர். கறுகறுவென்று, பிறந்த ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. பதினைந்து மடங்கு.

மேடிட்ட வயிற்றோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஐசிரேக்கின் முகம் பூத்துப்போயிருந்தது. அப்பாவுக்கு நல்ல பைனாகுலர் வேண்டும் என்று அவள்தான் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி விஷயத்தை மட்டும், கொடுத்த வாக்குப்படி, சொல்லவில்லை.

கூட்டத்தில் மூத்த கிழவர் இரண்டு கையையும் ஏந்தி துவா செய்தார். "இதைப் பிடிக்கிற கண்ணுக்கு இருட்டு வராம இருக்கட்டும். ரெண்டு வீட்டு உறவும் இதுபோலத் தூரத்தையும் கிட்டக் கொண்டுவரட்டும்." எல்லாரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். துவா ஓதின பொருளைத் திருப்பிக் கொடுப்பது, மாற்றுவது, ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று எடுப்பது என்பதெல்லாம் அங்கே கிடையாது. கொடுத்தவன் முகத்தில் துப்பினதாக அர்த்தம்.

"பாருமய்யா! அந்தச் சரிவப் பாரும்," என்று பெயிஷென் அவசரப்படுத்தினார்.

கண்ணாடி சட்டைப்பையில் கைக்குட்டைக்குள் இருந்தது. துர்குன்பாய் வெறுங்கண்ணிலேயே பைனாகுலரை வைத்து வாசல் வழியே பார்த்தார். பச்சையாக ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. அதில் வெள்ளையாகச் சில பொட்டுகள். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மகளும்தான்.

"மாஷா அல்லாஹ். உள்ளங்கையில வச்சமாதிரி இருக்கு. அந்த வெள்ளாடு காது ஆட்டறதுகூடத் தெரியுது."

"கெடாவா பொட்டையா?"

"இங்கேர்ந்து அதையெல்லாம் பாக்கறது மரியாதை இல்ல சம்பந்தி."

கூடாரமே சிரித்தது. பெயிஷென் அவர் தோளில் ஓங்கி அடித்தார்.

விருந்தாளிகள் போன பிறகு அனார்கான் பாத்திரங்களை ஓடையில் கழுவிக்கொண்டே கேட்டாள். அவள் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். "ஐசிரேக் அப்பா, உண்மையிலேயே தெரிஞ்சுதா?"

"இல்ல."

"கண்ணாடி போட்டுக்கிட்டு?"

"பழசைவிட மோசம். ஊசித் துவாரம்."

"அப்ப அந்த ரஷ்யாக்காரம்மாகிட்ட வச்சிருக்கறத வாங்கிக்குங்க. மலைல யாரு பாக்கப்போறா?"

"எசென்குல் பாப்பான். அவன் பக்கத்துலதான் படுத்திருப்பேன். அண்ணன் கொடுத்தது எங்கேன்னு கேப்பான்."

"சொல்லிடுங்களேன், எனக்குக் கண்ணாடி இருக்கு, இது சேரலன்னு."

"விருந்துலயே சொல்லியிருக்கணும். காது ஆட்டறது தெரியுதுன்னுல்ல சொல்லிட்டேன். இப்ப சொன்னா, மாமனார் வாங்கிக் கொடுத்தத எங்கப்பன் குறை சொன்னான்னு அவ காலம்பூரா அந்த வீட்டுல தலைகுனியணும்."

அனார்கான் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

கோடை முழுவதும் அவர் தனியாகக் குன்றுமேல் போய்ப் பழகிப் பார்த்தார். ரப்பர் வளையத்தை மடித்தார். மடிந்தது, ஆனாலும் படம் அவர் கண் இருக்கிற தூரத்துக்கு வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மூக்கின்மேல் சாய்த்துப் பிடித்தார். தொழுகையில் கேட்டார், கொஞ்சம் பார்வை கொடு, இல்லாவிட்டால் கொஞ்சம் தைரியம் கொடு என்று. ஸோயாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை. சீட்டு அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அக்டோபரில் முகாம் கூடியது. முதல் காலையில் பாறை விளிம்பில் எசென்குல் ஒரு பக்கம், விருந்தாளி ஒரு பக்கம், நடுவில் துர்குன்பாய். இதற்குமேல் ஒளிக்க வழியில்லை. கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

எசென்குல் திரும்பிப் பார்த்தான். "எப்பலேர்ந்துண்ணே?"

"பனிக்காலத்துலேர்ந்து."

"நல்லதுதானே. அப்ப இந்தத் தடவ கவலையில்ல." அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

பிஸ்மில்லா சொல்லிவிட்டுப் பார்த்தார். ஊசித் துவாரத்தில் ஒரு பிடி புல் வந்தது. கையை நகர்த்தினார், ஒரு கல் வந்தது. கனம் தாங்காமல் கை நடுங்க, கல்லும் நடுங்கிற்று. எதிரே அவ்வளவு பெரிய மலை. ஒரு குடம் தண்ணீரை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு மொள்ளுகிறமாதிரி அவர் தேடிக்கொண்டிருந்தார். வெயில் முகட்டிலிருந்து இறங்கி நடுச்சரிவுக்கு வந்தது. விருந்தாளி இரண்டு தடவை இருமினார்.

"கிடைக்கலயாண்ணே?"

"கொஞ்சம் பொறு."

"குடுங்க, நான் ஒரு வாட்டி பாக்கறேன்."

வாங்கி வைத்த மாத்திரத்தில் எசென்குலின் உடம்பு விறைத்தது. "ஏழு உருப்படி," என்று கிசுகிசுத்தான். "எதிர்லயேண்ணே. அந்தச் செம்மண் திட்டுக்குக் கீழ படுத்திருக்கு. ஒண்ணு கிழடு, கொம்பு ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. யப்பா, என்னா பைனாகுலர் இது! மூக்கு ஈரம்கூடத் தெரியுது."



வேட்டை முடிந்து எல்லாரும் கீழே வந்தபின் எசென்குல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை யாரும் கல்லைப் பற்றிக் கேலி பேசவில்லை. கேலி பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அண்ணே, இவ்வளவு நல்ல பைனாகுலரு. கண்ணாடியும் போட்டிருக்கீங்க. அப்படியும் தெரியலன்னா..."

பைனாகுலர்மேல்தான் குறை என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வெளியே வந்தால், அது அன்றைக்கே இவன் அண்ணன் காதுக்குப் போகும். அங்கே மகள் கையில் இருபது நாள் குழந்தை.

"ஆமா தம்பி. கண்ணு போயிடுச்சு," என்றார்.

அதற்கப்புறம் அவருக்குக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையும் தேநீர் வைக்கிற வேலையும். எசென்குல் வேறொருவனை மேலே கூட்டிக்கொண்டு போனான். பைனாகுலரை அவன் கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை. துவா ஓதிக் கொடுத்தது இன்னொருத்தன் கழுத்தில் தொங்கக் கூடாது. அது துர்குன்பாயின் கழுத்திலேயே தொங்கிற்று. குதிரைக்குத் தண்ணீர் காட்டக் குனியும்போதெல்லாம் தொட்டியில் இடித்தது.

பத்து நாள் கழித்துப் பெயிஷெனே முகாமுக்கு வந்தார். பேரன் படத்தைச் செல்போனில் காட்டினார். பிறகு தம்பி எல்லாம் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. வழக்கமான சத்தம் அவர் தொண்டையில் இல்லை.

"சம்பந்தி, தப்பு எங்களதுதான். ரெண்டு வருஷம் முன்னாடியே இதக் கொடுத்திருக்கணும். அந்தப் பட்டாளத்துச் சாமான்தான் உம்ம கண்ணக் கெடுத்திருக்கு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

"உம்ம பொண்ணு கடையில அரைநாள் உக்காந்து பொறுக்கினா. எங்கப்பாவுக்கு இருக்கறதுலயே பெரிசுதான் வேணும்னா."

துர்குன்பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதுல ஒரு குறையும் இல்ல சம்பந்தி. இருந்தா சொல்லமாட்டேனா?"

பெயிஷென் பைனாகுலரை அவர் கழுத்திலிருந்து மெதுவாகக் கழற்றித் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். "விடும். நான் பாத்துச் சொல்றேன், நீர் கேட்டுக்கும். முகட்டுமேல ஒரு கழுகு. அதுக்குக் கீழ பனி. செம்மண் திட்டு. அதுக்குக் கீழ ஒரு பொட்டை, பக்கத்துல குட்டி ஒண்ணு நொண்டுது..."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு துர்குன்பாய் அந்தப் பக்கம் பார்த்தார். முகடு தெரிந்தது, பனிக்கோடு தெரிந்தது, செம்மண் திட்டும் தெளிவாகத் தெரிந்தது. கழுகும் குட்டியும் தெரியவில்லை.

"ஆமா," என்றார். "நொண்டும். வசந்தத்துல விழுந்திருக்கும் பாவம்."

"அதோ நக்கறா தாய்."

"ஆமா, ஆமா," என்றார் துர்குன்பாய்.