சித்தியின் சிவப்புக் கூலிங் கிளாஸ்

என் கேமராப் பையின் முன் ஜிப்புக்குள், லென்ஸ் துடைக்கும் துணியோடு ஒரு சிவப்பு ஃபிரேம் கூலிங் கிளாஸ் கிடக்கிறது. மின்சார ரயிலில் சீப்பும் ஊக்கும் விற்றுக்கொண்டு வருபவரிடம் சித்தி வாங்கியது. ஒரு பக்கக் காது உடைந்து, அவளே பசை வைத்து ஒட்டியிருக்கிறாள். வெயிலுக்கு அது உதவாது. போட்டுக்கொண்டால் தாம்பரம் முழுக்க லேசாகப் பச்சையடித்துத் தெரியும், அவ்வளவுதான். இருந்தாலும் பேட்டரியை மறந்து கிளம்பியிருக்கிறேனே தவிர, அதை மறந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ரேஷன் கடையோ தாலுகா ஆபீஸோ, கூப்பிடும்வரை ஓரமாக நிற்பார்கள்; கூப்பிடாவிட்டால் மறுநாள் வருவார்கள். படித்தால் அந்தப் பழக்கம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: வேலைக்குச் சேர்ந்ததும் பழைய கேமரா ஒன்று வாங்கி, தெருவில் போகும் முன்பின் தெரியாதவர்களில் ஸ்டைலாக இருப்பவர்களைப் படம் எடுக்க வேண்டும் என்று. ஸ்டைல் என்றால் கடற்கரைப் பக்கத்துக் காபிக் கடைகளில்தான் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் படம் எடுக்க முதலில் கேட்க வேண்டும். கேட்கத்தான் எனக்கு வராது.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் வாழைப்பழ மஞ்சளில் கேன்வாஸ் ஷூ. ஒரு பெரியவர் மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கேட்கத் தைரியமில்லாமல் தூரத்திலிருந்தே எடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே ரயிலிலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டம் ஒன்று வந்ததை நான் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள்.

"இன்னா தம்பி, லேடீஸைப் போட்டோ புடிச்சிகினு கீற?" என்று ஒருவர் என் காலரைப் பிடித்தார். 'ஷூ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து அதே ரயிலில் வந்த சித்தி, என் அம்மாவின் தங்கை, ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"யோவ், கைய எடு. என் அக்கா புள்ள அது."

"உன் அக்கா புள்ள இன்னா வேலை பண்றான்னு தெரியுமாம்மா?"

"இரு, பாத்துடுவோம்." கேமராவைப் பிடுங்கிப் பின்திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "நல்லாப் பாத்துக்கோங்க. பெரியவர் ஷூவ எடுத்து வெச்சிகீறான். பொம்பளைங்களப் பாக்கத் தெரிஞ்சவனா இருந்தா, நாங்க எதுக்கு இவனுக்குப் பொண்ணு தேடி நாயா அலையறோம்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்த பெரியவர், "என் ஷூவா? பேரன் துபாய்லேர்ந்து வாங்கியாந்தது. மொகமும் வர்ற மாதிரி எடுப்பா" என்று வேட்டியை இரண்டு விரற்கடை தூக்கிப் பிடித்து நின்றார். காலரைப் பிடித்தவரே வெளிச்சம் மறைக்காமல் விலகிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது சித்தி கேட்டாள். "வாயில இன்னாடா, கொழுக்கட்டையா?" கொஞ்ச தூரம் போய், "ஞாயித்துக்கெழம நானும் வரேன். நீ எடு. நான் கேக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. நான் கண்ணால் காட்டுவேன், சித்தி போவாள். "தங்கச்சி, பயப்படாத. இது என் அக்கா புள்ள. உன் கம்மலப் பாத்து அசந்து நின்னுட்டான். ஒரு படம் எடுத்துக்கட்டுமா? வேணாம்னா போயிகினே இரு, தப்பா நெனச்சிக்க மாட்டோம்." இந்தக் கடைசி வரியை ஒருநாளும் விட்டதில்லை. அதைக் கேட்டதும் பலர் நின்றுவிடுவார்கள். குடைக்கும் செருப்புக்கும் ஒரே ஊதாவாகப் பார்த்து வாங்கியிருந்த கூடுவாஞ்சேரி மீன்காரம்மா நின்றார். குன்றத்தூர் மலைப்படியில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு, காதில் வளையல் அளவுக்கு வளையம் தொங்க ஒரு கல்லூரிப் பெண் இறங்கி வந்தாள். அவளைக் கேட்கும் முன் சித்தியே ஒரு நிமிடம் வாயடைத்து நின்றாள். பிறகு, "ராணி மாதிரி கீறடி" என்றாள். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்புதான் படத்தில் இருக்கிறது.

ஆனால் சித்தி மட்டும் எனக்கு நிற்கவே மாட்டாள். வேலை முடிந்து வரும்போது கேமராவைத் தூக்கினால் உள்ளங்கையை நீட்டி மறைத்துக்கொள்வாள். "கம்பெனித் துணிடா இது. இதப் போட்டுகினா ஒருத்தனும் மூஞ்சியப் பாக்க மாட்டான். லிஃப்ட்ல கூட நிக்கறவன் என்னத் தாண்டி செவுத்தப் பாக்கறான்." சரி, ஞாயிற்றுக்கிழமை புடவையில் இருக்கும்போது "சித்தி, நில்லு" என்றால், "நில்லுன்னா நிக்க நான் இன்னா கரண்ட் கம்பமா?" என்று நடந்துகொண்டே இருப்பாள்.

நகரத்துக்குள் தெருப்படங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் படங்களையும் கேட்டார்கள். வாசல் சுவருக்கு ஆளுயரத்தில் ஒரு படம் வேண்டும் என்றார்கள். அது சித்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். சொன்னேன். "பாக்கலாம்" என்றாள். அடுத்த ஞாயிறு, தலைவலி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

தனியாகப் போய் மேம்பாலத்தில் நின்றேன். நல்ல வெயில், கடந்து போனவர்களில் கேட்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர். ஒருவரையும் கேட்கவில்லை. கிளம்பலாம் என்று பையை மூடும்போது, பாலத்தின் மறுமுனையில் கிளிப்பச்சைப் புடவை ஒன்று தெரிந்தது. சிவப்புக் கூலிங் கிளாஸ். கையில் ஆம்பளை வாட்ச். ஜிமிக்கி ஆட, எதிரே வருகிற கூட்டம் தானாக வழிவிட, சித்தி வந்துகொண்டிருந்தாள். நான் கேமராவைத் தூக்கினேன். என்னைத் தெரியாதவளைப் போலக் கடந்து போனாள்.

"சித்தி!"

"யாருப்பா நீ?" நின்றாள், திரும்பவில்லை. "ஊர்ல கீறவங்களையெல்லாம் கேட்டு எடுத்தோம். என்னிய ஒரு வாட்டி கேட்டியா? நில்லுன்னுதானே சொன்னே."

எனக்குக் காது சூடேறியது. பூ விற்கும் அக்கா முழம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முன்னால் போய் நின்றேன். "மேடம்... நான் இந்தத் தாம்பரம்தான். ஸ்டைலா இருக்கிறவங்களைப் படம் எடுக்கிறேன். உங்களை ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"என்னாண்ட எது ஸ்டைலு?"

கண்ணாடி என்று சொல்ல வாயெடுத்தேன். அது இல்லை என்று தெரிந்தது. "நீங்க நடந்து வர்றது. இந்தப் பாலமே உங்களுதுங்கற மாதிரி வர்றீங்க. வேணாம்னா போயிட்டே இருங்க, தப்பா நெனச்சிக்க மாட்டேன்."

சித்தியின் உதடு துடித்தது. சிரிப்பா வேறெதாவதா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை. "விட்டுக்குடும்மா, புள்ள அழுதுடப் போவுது!" என்று பூக்காரக்கா கத்தினாள். சித்தி முந்தானையை ஒரு உதறு உதறினாள். "எடுத்துக்கோ." மறுபடியும் பாலத்தின் கோடி வரை போய், முதலிலிருந்து நடந்து வந்தாள்.

கண்காட்சிக்கு அவள் வேலை முடிந்து நேராக வந்தாள், யூனிஃபார்மோடு. உடை மாற்ற நேரமில்லை. வாசலில் ஆளுயரத்துக்குப் பச்சைப் புடவையில் தான் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, சட்டென்று தூண் ஓரமாக ஒதுங்கினாள். எங்கள் வீட்டு ஒதுங்கல் அது, எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து வந்த இளம்பெண்கள் சிலர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யூனிஃபார்மைத் தாண்டி முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி தயங்கி வந்து, "மேடம், இது நீங்கதானே? உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள்.

சித்தி என்னைத் தேடித் திரும்பினாள். "டேய், கேக்கறாங்கடா!"

தன் பையிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்து, கம்பெனித் துணியிலேயே மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு நட்டநடுவில் போய் நின்றாள். அன்று அங்கே வந்திருந்தவர்களில் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தவர் யாருமில்லை. கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றி என் பையில் போட்டாள். "தொழில் சாமான். உங்கிட்டயே இருக்கட்டும்."

இப்போது அவளுக்கு ஞாயிறும் வேலை இருக்கிறது. நான் தனியாகத்தான் போகிறேன். போன வாரம் மேம்பாலத்தில், மல்லிகைச்சரத்தைக் கைக்கடிகாரத்தின் மேல் சுற்றியிருந்த ஒரு பேருந்து நடத்துநர் எதிரே வந்தார். பழையபடி நாக்கு மேலே ஒட்டியது. ஜிப்புக்குள் கைவிட்டேன், ஒட்டுப்போட்ட காது விரலில் இடறியது. இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."