மைக் செத்த பிறகு நடந்த பாடம்

மலேசியாவின் ஜொகூரில் எந்தக் கூட்டமும் சாப்பாட்டில்தான் தொடங்கும். பாசிர் கூடாங்கில் இளையோருக்குக் கருத்தடை பற்றிப் பேச என்னைக் கூப்பிட்ட மன்றத்தாரும் மீகோரெங் நூடுல்ஸ், பலகாரம், டீ எல்லாம் குறைவில்லாமல் வைத்திருந்தார்கள். தலைப்பைத்தான் காணோம். பதாகையில் 'நல்லொழுக்கமும் நல்வாழ்வும்' என்றிருந்தது. போன வருடம் அந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிப் படிப்பை விட்டதால்தான் இந்த ஏற்பாடே. "மிஸி, எல்லாத்தையும் வெளக்கமா சொல்லுங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க லா," என்றார் மன்றத் தலைவர். நர்ஸை இங்கே மிஸி என்பார்கள். பையன்களை ஃபுட்சால் ஆட அனுப்பிவிட்டார். கர்ப்பம் பெண்களுக்குத் தானாக வரும் வியாதி என்பது அவர் கணக்கு போலும்.

திருநெல்வேலியில் நான் படித்த பள்ளிக்கு எதிர்ச்சுவரிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் இருந்தது. வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் டீச்சர், "வீட்ல படிச்சுக்கோங்க," என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் யார் சொல்லித் தருவது? கடல் தாண்டி வந்தால், அதே டீச்சர் இங்கே பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மன்றத் தலைவராக நிற்கிறார்.

பேச்சு முடியும் நேரம் படிவம் ஐந்தில் படிக்கும் பதினேழு வயதுக் கவிதா எழுந்தாள். "மிஸி, அந்த மாத்திரைய காய்ச்சல் மாத்திரை மாதிரி தேவைப்படுற அன்னைக்கு மட்டும் போட்டா போதும்தானே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." நான் வாயைத் திறப்பதற்குள் மைக் செத்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற தலைவர், "டீ ஆறிடும் மிஸி," என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் மைக் தேவைப்படவில்லை. "போதாது! டாக்டர பாத்துட்டு, தினமும் ஒரே நேரத்துல போடணும். நோய் தொத்தாம இருக்க ஆணுறையும் வேணும். அது பையனோட பொறுப்பு!" வெளியே பந்துச் சத்தம் நின்றது. ஜன்னல் நிறையப் பையன்களின் முகங்கள். "மிஸி, அத பர்ஸ்ல வெச்சா கெட்டுப்போகுமா?" என்றது ஒரு முகம். "போகும்! சூடும் உரசலும் ஆகாது," என்றேன். தலைவரின் தயவில் பையன்களுக்கும் பாடம் நடந்தது.

கிளம்பும்போது கவிதா மீகோரெங் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "என் கூட்டாளிதான் தப்பா போடுறா மிஸி. சொல்லிடுறேன்." கூட்டாளியைக் கிளினிக்குக்கு வரச் சொல், திட்ட மாட்டேன் என்றேன். பின்னால் தலைவர் யாரிடமோ, "இந்தியாக்காரங்க அப்படித்தான் லா, கூச்சமே இல்ல," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தங்கியிருக்கும் ஸ்கூடாய்க்கு வந்து ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "மலேசியா போயி இப்படி வெக்கங்கெட்டுப் போயிட்டியே," என்றாள்.

இப்போது கிளினிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். அந்தக் கூட்டாளி வந்தால், நான் எந்த ஊர்க்காரி என்று கேட்கமாட்டாள்.