டிரைவிங் ஸ்கூலில் கணக்கு

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்த அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கால்குலஸ். அந்தப் பெயரில் மரியாதை பாதி, நடுக்கம் பாதி. சாக்பீஸைக் கையில் எடுத்தால் பலகையின் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் முடிக்கும்வரை அவர் மூச்சு விட்டதை யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்பார். வகுப்பு வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். தேர்வில் நல்ல மதிப்பெண்கள் வந்துகொண்டிருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

இப்படியே பல வருடங்கள் கத்தியதில் ஒருநாள் தொண்டை கைவிரித்துவிட்டது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். "பேச்சக் குறைங்க. வெதுவெதுப்பா தண்ணி அடிக்கடி குடிங்க. வகுப்பெடுக்கறத இப்போதைக்கு மறந்துடுங்க."

மறப்பது என்ன லேசான காரியமா? தனிக்கட்டையான அவர், பெட்டி படுக்கையோடு தங்கை வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தார். கீழ்த்தளத்தில் தங்கையின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முன்னறை முழுக்கச் சாலை விதிப் படங்கள், மூலையில் ஒரு பொம்மை சிக்னல், மேஜையில் ஆணியடித்துப் பொருத்திய பழைய ஸ்டியரிங். பின்பக்க முற்றத்தில் வண்டியை நிறுத்திப் பழக மஞ்சள் கோடுகள், ஆரஞ்சு நிறக் கூம்புகள்.

தங்கைக்கு அலுவலகத்தில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. அந்தப் பெண் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். வீட்டில் வைத்த பெயர் குண்டூசி. ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குண்டூசி மழுங்கிப் போவாள்.

ஒரு மாலை வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்தவள் ஷூவைக் கழற்ற மறுத்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி ஷூ?"

"இருக்கட்டும் பெரியம்மா."

"கால் வேர்க்கும். கழட்டு."

குண்டூசியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பெரியம்மா குனிந்து பார்த்தபோது ஷூவின் முனைத்தோல் மெல்ல மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. எட்டும் ஐந்தும் எவ்வளவு என்பது கேள்வி. கையில் விரல் விட்டால் வகுப்பில் மிஸ் திட்டுவார்கள். அதனால் ஷூவுக்குள் கால்விரலை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள் அந்தக் குழந்தை. "கால்ல எண்ணினா மிஸ்ஸுக்குத் தெரியாது பெரியம்மா. ஆனா சுண்டு விரல் மட்டும் தனியா அசைய மாட்டேங்குது. அதான் தப்பாயிடுது."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்த்தார். நூறு வரை தடுக்காமல் ஒப்பிக்கிற பெண், ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்று கேட்டால் ஒன்றிலிருந்து தொடங்கி எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் எல்லாம் பாட்டின் வரிகள். எது எவ்வளவு என்பது கையில் பிடிபடவே இல்லை.

மறுநாளே பெரியம்மா மாஸ்டரிடம் போய் நின்றார். "மாப்பிள, சாயந்தரம் முன்னறை சும்மாத்தானே கிடக்கு?"

"கிடக்கு. உங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணுமாக்கா?"

"கணக்கு கிளப் ஆரம்பிக்கப் போறேன். சின்னப் பிள்ளைங்களுக்கு."

"டாக்டர் பேசக் கூடாதுன்னாரே?"

"நான் பேசல. அதுங்க பேசட்டும்."

சொன்னது சுலபம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்த முதல் நாளே பழைய கால்குலஸ் தலைதூக்கினார். ஒரு பெட்டிப் பொத்தானைக் கொட்டி, "இதுல எத்தனை இருக்கும்?" என்று கேட்டு, பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கும் முன்பே, "நாப்பது இருக்கும், பத்துப் பத்தா பிரிச்சா தெரியும்" என்று முடித்துவிட்டார். பிள்ளைகள் தலையாட்டின. அதோடு சரி.

திருப்பம் தண்ணீரால் வந்தது. அட்டையில் ஒட்டிய கறுப்புப் புள்ளிகளை ஒரு கணம் காட்டி மறைத்து, எத்தனை என்று கேட்டவர், தொண்டை கரகரக்கவே பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டார். தண்ணீர் சூடு. சட்டென்று விழுங்க முடியவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் விழித்த அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பையன், "ஏழு" என்றான். "எப்படிடா எண்ணினே? உடனே மறைச்சுட்டாங்களே" என்றாள் குண்டூசி. "எண்ணல. மேல நாலு சதுரமா இருந்துச்சு, கீழ மூணு." "எனக்கு அப்படித் தெரியல. அஞ்சு ஒரு பூ மாதிரி, ஓரமா ரெண்டு." இன்னொருத்தி, "எட்டுல ஒண்ணு ஓட்டை" என்றாள். மூவரும் சண்டைக்கு நின்றார்கள். பெரியம்மா தண்ணீரை விழுங்கவே இல்லை.

அன்றிலிருந்து அதுவே அவர் வழக்கமாயிற்று. கேள்வி கேட்பார், ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்வார், காத்திருப்பார். பதில் நாக்கு நுனி வரை வந்து முட்டும். வெளியே வர வழியிருக்காது. குண்டூசியைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தன. அந்த அறையில் விரலுக்குத் தடை இல்லை. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்தால் பத்து, மீதி மூன்று என்று தன் விரல்களைப் பார்த்தே குண்டூசி ஒருநாள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை மாஸ்டரிடமும், வண்டி பழக வந்தவர்களிடமும், பால்காரரிடமும் சொல்லித் தீர்த்தாள்.

பெற்றோர்களுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுப்பாடம் கிடையாது, வாய்ப்பாடு கிடையாது. பிள்ளையைக் கேட்டால் "பொத்தான் விளையாடினோம்" என்கிறது. பள்ளியில் பருவத்தேர்வு நெருங்கியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நாலைந்து பேர்தான் மிச்சம். "விளையாடறதுக்கு எதுக்குக்கா ஒரு கிளப்புன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?" என்றாள் தங்கை. பெரியம்மா பொத்தான்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டு மூடினார்.

அந்த வாரம் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் மகனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மகனை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவன் ஏற்கெனவே நல்லா போடறான். இங்க வந்து நேரம் வீணாகுதோன்னு படுது."

பெரியம்மாவின் குரல் அன்று காற்றாகத்தான் வந்தது. "இன்னிக்கு மட்டும் நின்னு பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

முற்றத்தில் ஒரு மஞ்சள் கோட்டின் இந்த முனையில் ஒரு கூம்பு, அது பூஜ்யம். அந்த முனையில் ஒரு கூம்பு, அது இருபது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் எண் எழுதிய அட்டையைக் கொடுத்து, அந்த எண் எங்கே இருக்குமோ அங்கே போய் நிற்கச் சொன்னார். மின்னலுக்குப் பதினொன்று. பெயருக்கேற்றபடி ஓடினான், இருபதுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"டேய், அது எப்படிடா அங்க வரும்?" என்று தொடங்கிய அப்பாவைப் பெரியம்மா கையமர்த்தினார். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றி அவரிடமும் நீட்டினார். மருந்துக்கடைக்காரர் அதை வாங்கி, ஏன் என்று கேட்காமலே ஒரு வாய் எடுத்து வாயிலேயே வைத்துக்கொண்டார்.

மின்னல் சுற்றிப் பார்த்தான். பதினெட்டாக நின்ற குண்டூசி அவனுக்குப் பின்னால், பூஜ்யத்தின் பக்கம் இருந்தாள். "நான் உன்னவிடப் பெரிய நம்பர்" என்றாள். அவன் முகம் சுருங்கியது. இருபதிலிருந்து மெல்ல நடந்தான், நின்றான், இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் நடந்தான். கோட்டின் நடுவில் வந்து காலை ஊன்றி, "ரெண்டு பக்கமும் ஒரே தூரம். அப்ப இது பத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு இருபது இருந்த பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தான். "நான் இங்க."

அப்பா தண்ணீரை விழுங்கினார். "இத நோட்டுல எப்படி மேடம் காட்டுவீங்க?" என்றார்.

"காட்ட முடியாது. அதுக்குத்தான் உங்கள நிக்கச் சொன்னேன்."

நின்றவர் மறுவாரமும் நின்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, தானும் ஓர் எண்ணாகக் கோட்டில் நின்றார். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் இருமலுக்கு மருந்து கேட்டால், கூடவே அவர் சொல்லும் கிளப் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. நின்றுபோன பிள்ளைகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள்.

இதற்கிடையில் ஒரு சங்கடம். டிரைவிங் கற்றுக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்தவர்களில் குண்டூசியின் வகுப்பு மிஸ்ஸும் ஒருவர். தன் முறை வரும்வரை காத்திருக்க முன்னறைக்குள் வந்தவர், மேஜையில் பத்து விரல்களையும் பரப்பி உட்கார்ந்திருந்த குண்டூசியைப் பார்த்தார். குண்டூசியும் பார்த்தாள். விரல்கள் மேஜைக்கடியில் மறைந்தன. மிஸ் வெளியே போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மாஸ்டர் கண்டிப்பானவர். "மேடம், ரோட்டப் பாருங்க. கியரப் பாக்காதீங்க" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல மிஸ் குனிந்து கியரைப் பார்த்தார். வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். திரும்பி வந்தபோது மிஸ்ஸின் முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது. நேராகப் பெரியம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"கியர் எங்க இருக்குன்னு கைக்கே தெரியல. தெரியற வரைக்கும் பாக்கத்தானே வேணும்? பாக்காதேன்னா எனக்குப் பதறுது." சற்று நிறுத்தினார். "எங்க வகுப்புல நாப்பது பேரு மேடம். விரல விட்டு எண்ணிட்டு உக்காந்தா பாடம் முடியாதுன்னுதான் நான் திட்டறது. வேற எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

இம்முறை பெரியம்மாவின் வாயில் தண்ணீர் இல்லை. அவருக்கும் முன்பு அது தெரிந்திருக்கவில்லை, இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். "நாளைக்கு வாங்க. சேர்ந்து பாப்போம்" என்றார்.

மிஸ் போகிற வழியில் குண்டூசியின் நாற்காலியருகே குனிந்து, "கைய மேல வை கண்ணு. எனக்கும் சொல்லு, எட்டும் அஞ்சும் எப்படிப் போடற?" என்று கேட்டார். குண்டூசி பெரியம்மாவைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள், கையை எடுத்து மேலே வைத்தாள். அப்புறம் பேச்சை நிறுத்த ஆளில்லை.

அடுத்த பருவத்தில் மிஸ்ஸே தலைமையாசிரியரிடம் பேசிப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தை மாலை நேரத்துக்கு வாங்கிக் கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல் முன்னறையில் இப்போது மருந்துக்கடைக்காரர் ஒரு குழுவை நடத்துகிறார். இரண்டாம் முயற்சியில் மிஸ்ஸுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது. குண்டூசி கணக்கில் புலியாகிவிடவில்லை. கழித்தலில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் தடுமாறினால் அழுவதில்லை, எதிரில் இருப்பவரோடு வாதம் செய்கிறாள். பெரியம்மாவின் குரல் பாதிதான் திரும்பியது. போதும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கூடத்தில் முதல் வாரம், சமையலறை ஓரத்தில் கழுவி அடுக்கிய தட்டுகளைக் காட்டி, எத்தனை இருக்கும் என்று கேட்டார். ஒரு பெண் முப்பது என்றாள். இன்னொருவன் ஆயிரம் என்றான். தினமும் கழுவுகிற சமையற்கார அம்மாவே தெரியாது என்று சிரித்துவிட்டு, தானும் ஓர் எண்ணைச் சொல்லிவைத்தார். யாரோ பத்துத் தட்டை அடுக்கி அதன் உயரத்தைக் கையால் அளந்தார்கள். அந்த அளவை எடுத்துக்கொண்டு மற்ற அடுக்குகளிடம் ஒரு கூட்டம் ஓடியது. தட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன.

காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். "மணியாச்சு டீச்சர். பூட்டணும்."

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "இன்னும் ஒரு அடுக்கு பாக்கி."

காவலாளி பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா நகர்ந்து, பெஞ்சில் அவருக்கும் இடம் கொடுத்தார்.