டிரையர் பக்கத்தில் வைத்த கிட்டார்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். குன்னூரில் ஒன்பது நாளாக வெயில் இல்லை. மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. கொடியில் போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட அதிக ஈரமாக இருந்தது. அந்த மாதத்தில்தான் ஒரு கிட்டாரைச் செய்து முடித்தே தீருவது என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கையால் கிட்டார் செய்யப் பழகினேன். அதுவரை செய்தவை மூன்று. முதலாவதன் பக்கப் பலகை சூட்டில் வளைக்கும்போதே முறிந்தது. இரண்டாவதன் கழுத்து கோணலாக நின்றது. மூன்றாவது நன்றாகவே ஒலித்தது. ஆனால் பசை காயும் முன், இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்புகளைக் கழற்றிப் பார்த்ததில் பின்பலகை ஓரம் விட்டுப்போனது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். எனக்குக் காத்திருக்க வராது.

நான்காவது என் மனைவிக்கு. அவள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் கிட்டார் வாசித்தவள். விரல் மூட்டுகளில் வாதம் வந்த பிறகு, பழைய கிட்டாரின் தடித்த கழுத்தை அவளால் பிடிக்க முடியவில்லை. மெல்லிய கழுத்தோடு சிறியதாக ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனையிலேயே வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். பாடகர் குழுவில் இருந்த பதினான்கு பேரிடமும் அதையே சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கிட்டாரின் பெட்டியை மூடி ஒட்டியாகிவிட்டது. ஆனால் மேல்பலகை ஈரம் குடித்து லேசாக உப்பியிருந்தது. அது காயாமல் பாலிஷ் அடிக்க முடியாது. தானாகக் காய ஒரு மாதமாவது ஆகும். எனக்குத் தேயிலைதான் நினைவுக்கு வந்தது.

கிட்டாரைப் போர்வையில் சுற்றிப் பழைய தொழிற்சாலைக்கு எடுத்துப் போனேன். அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருப்பவர் என்னோடு வேலை பார்த்தவர். போர்வையைப் பிரித்ததும், "இது என்ன கிரேடுங்க சார், டஸ்ட்டா?" என்றார். தேயிலையில் கடைசித் தரமான தூளுக்கு அந்தப் பெயர்.

"கொஞ்சம் ஈரம் எடுக்கணும். அவ்வளவுதான்."

"பச்சை இலையையே ஒரு ராத்திரியில வாட்டிடறோம். இது எந்த மூலைக்குங்க? டிரையர் பக்கத்துல வைங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

இலையைக் கையில் எடுத்ததும் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நாங்கள் இருவரும். மரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டுக்கொள்ளாமல், தேயிலை காயும் டிரையரின் அனல் படுகிற இடத்தில் ஸ்டூல் போட்டு கிட்டாரை நிறுத்தினோம்.

இரண்டாவது டீ பாதியில் இருந்தபோது, இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மேல்பலகை ஒலித்துளையிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. பலகை வேகமாகக் காய்ந்து சுருங்கப் பார்த்திருக்கிறது. சுற்றிலும் ஒட்டியிருந்த கட்டைகள் அதை விடவில்லை. டீ மேக்கர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்ப டஸ்ட்டுதாங்க சார்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெல்லிய கத்தியை எடுத்து மேல்பலகையைப் பெயர்க்க ஆரம்பித்தேன். இன்னொரு பலகை கையில் இருந்தது. இரவு பகலாக உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் கிட்டார்மேல் கையை வைத்தாள்.

"ஏனுங்க, யாருக்கு இத்தனை அவசரம்?"

"கிறிஸ்துமஸுக்கு நீ வாசிக்க வேண்டாமா?"

"கிட்டார் கேட்டது நானு. கிறிஸ்துமஸ்னு சொன்னது நீங்க." இடது கையை நீட்டினாள். "டிசம்பர் குளிர்ல இந்த விரல் மடங்குதான்னு பாருங்க. காப்பி டம்ளரை ரெண்டு கையாலதான் புடிக்கிறேன். தினமும் எதுத்தாப்பலதானுங்களே உக்காந்திருக்கீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் பார்த்தேன். நான்கு விரல்களும் பாதிக்குமேல் மடங்கவில்லை. அவற்றின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துதான் கிட்டாரின் கழுத்தைச் செதுக்கியிருந்தேன். வலி எப்போது அதிகம், எப்போது குறைவு என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கிட்டார் தயாராகியிருந்தால், நான் ஊரெல்லாம் சொல்லி வைத்ததற்காக அவள் வலியோடு வாசிக்க முயன்றிருப்பாள். எல்லோர் முன்னாலும் தோற்றிருப்பாள்.

அந்தக் கிறிஸ்துமஸில் அவள் கைகளை ஷாலுக்குள் வைத்துக்கொண்டு பாட மட்டும் செய்தாள். புதிய பலகையை, மெதுவாகக் காயட்டும் என்று, சமையலறை அலமாரிமேல் வைத்தேன். ஜனவரியில் உறைபனி விழுந்தது, பகலில் நல்ல வெயில் அடித்தது. பலகையைத் தொடவில்லை என்றால் பொய். எடுப்பேன், தட்டிப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன். "என்ன சொல்லுதுங்க?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள். இன்னும் இல்லை என்பேன்.

ஏப்ரல் கடைசியில் கம்பிகள் மாட்டினேன். ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாக வாசித்தாள். ஒரு கம்பி மட்டும் லேசாக இரைந்தது. உடனே சரிசெய்து தருகிறேன் என்று எழுந்தேன்.

"அப்பறம் பாத்துக்கலாங்க. இப்ப உக்காந்து கேளுங்க," என்றாள்.

என் அவசரம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்; பசை காயும் நேரத்தில் இப்போதும் கை பரபரக்கிறது. ஆனால் பொறுமை என்பது பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை எண்ணுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; யாருக்காகச் செய்கிறோமோ அவரை நிமிர்ந்து பார்ப்பதும் அதில் சேரும் என்பது, அன்று அவள் கையை நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.