பெயர் வெட்டிய வாளி

எங்கள் அறக்கட்டளை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் மற்ற மதத்தவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டுவிடுவார்கள். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிரார்த்தனைக் கூடமும் அதை ஒட்டி ஆண்பிள்ளைகளுக்கான ஒரு விடுதியும் வைத்திருந்தோம் என்பது போதும். ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நான் அதன் செயலாளர். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

அங்கே படித்த ஒருவன் இருபது வயதில் எங்கள்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டான். அவனை அவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வழக்கைப் படித்த நாளிலிருந்து என் மனதில் அவன் விடுதிப் பிள்ளையாகவே நிற்கிறான். விடுதிக் காப்பாளர் தன்னைப் பலமுறை பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார், நிர்வாகம் தெரிந்தும் அவரை வைத்திருந்தது என்பது வழக்கு. காப்பாளர் அதற்குள் செத்துப்போயிருந்தார். பதில் சொல்ல நாங்கள்தான் மிச்சம்.

எங்களிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பையன் சேர்வதற்கு முந்தைய ஆண்டே காப்பாளரைப் பணியிலிருந்து விடுவித்துத் தீர்மானம் போட்டிருந்தோம். வேறொரு தாய் வந்து அழுததால் போட்ட தீர்மானம் அது. என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் போகவில்லை. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று பின்னறையிலேயே தங்கியிருந்தார். காகிதத்தில் அவர் இல்லை, விடுதியில் இருந்தார்.

உங்களிடம் உள்ள எல்லா ஆவணங்களையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள் என்று திருவள்ளூர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேடி எடுத்துத் தொகுக்கும் வேலை என்னுடையது. ஆலையில் நான் பழகியிருந்த முறை ஒன்றுதான். எதிர்த்தரப்பு எந்தச் சொல்லால் கேட்கிறதோ, அந்தச் சொல்லுக்குள் அடங்குவதை மட்டும் கொடு. வருகைப் பதிவேடு கேட்டால் கேட் பாஸைக் காட்டாதே. அந்த முறையில் பல வழக்குகளை ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த வழக்குக்கும் அதே கையோடு உட்கார்ந்தேன்.

அவன் வாக்குமூலத்தில் ஒரு பத்தி மட்டும் என்னை உட்காரவிடவில்லை. "சாப்பாட்டு வரிசையில் அவர் வந்து நின்றால் நான் நிமிர மாட்டேன். சாம்பார் வாளியில் அவர் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். அவர் போகிறவரை அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பேன்."

எங்கள் வக்கீலிடம் அதைக் காட்டினேன். அவர் சிரித்தார். "வாளியெல்லாம் ஒரு டாக்குமெண்டா சார்? அவங்க பேப்பர் கேட்டாங்க, பேப்பரைக் குடுங்க."

மறுநாளே பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து விடுதிக்குப் போனேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனேன். சமையற்கட்டில் பல காலமாக வேலை செய்யும் அம்மாள் ஒருவர் மட்டும் இருந்தார்.

"இன்னா சார், திடுதிப்புனு வந்துக்கிறீங்க? நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சும்மா. பழைய பாத்திரமெல்லாம் பார்க்கணும்."

"பழசு இன்னா புச்சு இன்னா. எல்லாத்துலயும் எவன் பேராவது வெட்டிக்கீது. இந்தக் கரண்டிய பாருங்க, இம்மாத்தூண்டு கரண்டிக்கு அப்பன் பேரு, ஆத்தா பேரு, கடை பேரு. சோறு பேர்ல ஒட்டிக்கினு தேய்க்கறதுக்குள்ள பேஜாரு."

எங்கள் பக்கத்தில் பாத்திரம் கொடுப்பவர் பெயர் வெட்டாமல் கொடுக்கமாட்டார். கல்யாணச் சீர் என்றாலும் பிரார்த்தனைக் கூடம் என்றாலும் பெயரும் வருஷமும் புள்ளி புள்ளியாக ஏறிவிட வேண்டும். அந்த வாளி அடுப்பு மேடைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. தினமும் புழங்குவதால் பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். காப்பாளரின் பெயர். கீழே, விடுதிக் காப்பாளர் அன்பளிப்பு. அதன் கீழே வருஷம். நாங்கள் அவரை விடுவித்த தீர்மானத்துக்கு அடுத்த வருஷம். பையன் சேர்ந்த வருஷம்.

"ஓட்டை விழுந்திருக்கு, மாத்திக் கொண்டாரேன்" என்றேன்.

"ஓட்டையா? காலைல கூட அதுலதான் சாம்பார் ஊத்துனேன்!"

வாளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இதை மறைக்கப்போவதில்லை. அதை அழிக்கத்தான் எடுத்துப்போனேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டு புது வாளி தரச் சொன்னேன். கடைக்காரர் வாளியைச் சுழற்றிப் பார்த்து என் பக்கமே தள்ளினார்.

"இது யாரு, நீங்களா?"

"இல்லை. எங்க விடுதியோடது."

"பேரு வெட்டுன சாமானைத் தெரியாதவங்க கைல வாங்க மாட்டேன் பெரியவரே. நாளிக்கி போலீஸ் வந்து, யாரு ஊட்டு வாளின்னு கேட்டா நானா ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்கறது? பேருக்காரரை இட்டுக்கினு வாங்க."

பெயருக்காரர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. வாளி என்னோடு திருவள்ளூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி, "யார் வீட்டு வாளிங்க இது?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். நான் ஏதோ முணுமுணுத்தேன். அவள் அதைக் குழாயடியில் வைத்துவிட்டாள். அந்த வாரமே, பட்டியலில் உள்ள காகிதங்களைத் தவிர வேறு ஆவணங்கள் எங்களிடம் இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு காலையில் முகம் கழுவக் குனிந்தால் அந்தப் பெயர். மாலையில் கால் கழுவப் போனாலும் அதுதான். வாளியைத் திருப்பி வைப்பேன். அவள் தண்ணீர் பிடிக்கும்போது மறுபடி திரும்பிவிடும். நடைப்பயிற்சி என்று சொல்லி, வெயில் ஏறியபிறகும் திருப்பாச்சூர் சாலையில் போய்வந்துகொண்டிருந்தேன்.

குறுக்கு விசாரணை நாளில் மற்றவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டார் நீதிபதி. அறக்கட்டளை சார்பில் நான் இருந்தேன். எங்கள் வக்கீல் கேட்டார்.

"அப்படி ஒரு வாளி இருந்ததே இல்லை, உங்க கதைக்காகச் சொல்றீங்கன்னு சொல்றேன்."

"இருந்துச்சு சார்."

"பிரமாணப் பத்திரத்துல இல்லையே? பெரிய மனுஷங்க பொய்ச்சத்தியமா பண்ணுவாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாட்சிக் கூண்டின் மரக்கட்டையில் படிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் கண்ணை அதிலேயே வைத்திருந்தான். பொய் என்னுடையது. அதற்குக் குனிந்து நிற்பவன் அவன். ஆனால் அன்றைக்கு நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை. அதையும் எழுதியாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வக்கீலிடம் சொன்னேன். "என் வாயால கேக்க வெச்சிட்டீங்களே சார்" என்றார். பிறகு என்னோடு பேசவில்லை. நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டுப் புதிய பிரமாணப் பத்திரம் ஒன்றை நானே எழுதினேன். வாளி சமையற்கட்டில் இருந்தது, நான்தான் எடுத்துப்போனேன், விற்கப் பார்த்தேன், முதலில் செய்த சத்தியம் பொய் என்று எழுதினேன். இதற்காக என்மீதே வழக்கு வரலாம் என்பது தெரியும். வாளியோடு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன்.

எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதுல இன்னா சார், சாம்பாரா?"

"ஆவணம்."

"இதை எங்க சார் ஓட்டை போட்டுத் தைக்கறது?"

"உலோகத் தகட்டில் பொறித்த எழுத்தும் ஆவணம்தான், சட்டத்திலேயே இருக்கிறது" என்றேன். வக்கீல் சிரித்த நாளிலும் அது எனக்குத் தெரியும். சட்டப் படிப்பின் முதல் வருஷத்தில் படித்தது.

அவனும் அவனுடைய வக்கீலும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வக்கீல் இளம்பெண். வாளியைப் பார்த்ததும் அவர் அவனைப் பார்த்தார். அவன் அருகே வந்து எழுத்துகளின்மேல் விரலை வைத்தான். ஆலை வேலையில் நகம் கறுத்த விரல். கடைசி எண்வரை போய் நின்றது. அவன் எனக்கு நன்றி சொல்வான் என்று என்னில் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

"சார், இத்த ஆண்டு விழாவுல குடுத்தாங்க இல்ல?"

"ஆமாம்."

"மைக்ல அவரு பேர சொன்னது நீங்கதானே?"

அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மேடையில் சொல்லி, சால்வை போர்த்துவது எங்கள் வழக்கம். நம்முடைய அன்புக்குரிய காப்பாளர் என்று சொன்னது என் குரல். அவரை விடுவித்துத் தீர்மானம் எழுதிய அதே ஆள். புதிய பிரமாணப் பத்திரத்தில் அதை மட்டும் நான் எழுதவில்லை. வாளியைப் பற்றித்தானே கேள்வி என்று என் பழைய கை மறுபடி சொல்லியிருந்தது.

"நான்தான்" என்றேன்.

"எல்லாரும் கை தட்டுங்கன்னீங்க" என்றான். "நானும் தட்டினேன் சார்."

அவன் நிமிர்ந்துதான் பேசினான். கீழே பார்த்தவன் நான். அவனுடைய வக்கீல், "இதைக் கூண்டுல ஏறிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சொல்வேன் என்றேன். அடுத்த வாய்தாவுக்கு என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். என்ன கேட்பார்கள் என்று தெரியாது. இந்தமுறை அவர்கள் கேட்கும் சொல்லுக்குக் காத்திருக்கப்போவதில்லை. முதலில் அழுதுகொண்டு வந்த அந்தத் தாயிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். அவர் பெயரை நாங்கள் தீர்மானத்தில் எழுதவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.