பிராந்தி பாட்டிலில் இருந்த ஆசிட்

எங்கள் ஊரில் காலி பிராந்தி பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. சாரம் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையில் மண்ணெண்ணெய், பினாயில் எல்லாம் அதில்தான் இருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை நானும் அப்படித்தான் ஊற்றி, பின்கதவு மூலையில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் தன்னுடைய பாட்டிலையும் அங்கேதான் ஒளித்து வைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மத்தியானம் மில்லிலிருந்து வந்தவர், நான் பார்ப்பதற்குள் என்ற அவசரத்தில் பாட்டிலை மாற்றி எடுத்து ஒரு வாய் விழுங்கிவிட்டார். "ஐயோ, எரியுதுடி!" என்ற அலறல் கேட்டு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா, "உப்புத் தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்" என்றார். கொடுத்தேன். எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "உள்ள போறப்ப ஒரு தடவ வெந்துச்சு. வாந்தி எடுக்க வச்சு மறுபடியும் வேக வச்சிட்டியேம்மா!"

புண் ஆறி வீடு திரும்பினார். தப்பித்தோம் என்றிருந்தேன். சில வாரங்களில் இட்லி தொண்டைக்குக் கீழே நின்றது. பிறகு கஞ்சியும் நின்றது. ஆறிய தழும்பு சுருங்கி, உணவு இறங்கும் வழியைக் குறுக்கிவிட்டதாம். குழாய் விட்டு விரித்தார்கள். இன்னமும் அவ்வப்போது விரிக்கிறார்கள்.

இப்போது என் வீட்டில் ஆசிட்டும் இல்லை, காலி பாட்டிலும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரிடமும், "ஆசிட்ட குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லாமல் விடுவதில்லை.

அவர் சாப்பிடும்போது என்னால் உட்கார முடிவதில்லை. "நீயும் துன்னுடி" என்கிறார். அவருக்கு முதலில் இறங்கட்டும்.